தோற்றவர் நம்ப வேண்டும்

தெரிந்தவர்களோடு அரசியல் பேசினால் உறவு கெடும். தெரியாதவர்களோடு பேசினால் நேரம் கெடும். இந்த இரண்டாவது நஷ்டத்தை நாம் எப்போதும் பொருட்படுத்தியதில்லை. டெல்லியில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி, போபாலுக்குள் ஒரு மந்திரிசபையைக் கவிழ்த்து, நாக்பூருக்குள் இன்னொன்றை அமைத்து, சென்னை சென்ட்ரலில் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்துபோகிறவர்கள் நாம். சலூன்களிலும் டீக்கடைகளிலும் ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று போர்டு எழுதி மாட்ட வேண்டிய அளவுக்கு அந்நியர்களோடு வாதம் செய்யும் ஆசை நமக்கு உண்டு.

அந்த வாதம் இப்போது இன்டர்நெட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆனால் ரயில் சண்டைக்கு இருந்த ஒரு பெரிய சௌகரியம் அங்கே இல்லை: இறங்க வேண்டிய ஸ்டேஷன். பட்டிமன்றத்துக்கு நடுவர் இருக்கிறார். எட்டரை மணிக்கு மணியடித்துத் தீர்ப்புச் சொல்லி எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிடுவார். இன்டர்நெட் வாதத்தில் மணியும் இல்லை, நடுவரும் இல்லை. காலையில் சொல்லப்பட்டதற்கு நள்ளிரவில் பதில் வரும். பதில் சொல்பவர் பெங்களூரில் இருக்கிறாரா பிலாய் நகரில் இருக்கிறாரா என்பதும் தெரியாது.

இந்தச் சண்டைகளைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் அரசாங்கம். அடுத்து தொழில்நுட்பம். அதுவும் தீர்ந்தால் விஞ்ஞானக் கதை. ஐந்தாவது பதிலுக்குள் யாராவது ஒருவர், ஜார்ஜ் ஆர்வெல் 1949லேயே இதையெல்லாம் எழுதிவிட்டார் என்பார். அவர் அந்த நாவலைப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அதைப் பற்றிய சண்டை ஒவ்வொரு தேர்தல் முடிவு நாளிலும் தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. இரு தரப்பு வசனங்களும் மனப்பாடம் ஆகிவிட்டன. “சந்திரனுக்கு விண்கலம் அனுப்பும் நாட்டுக்கு ஓட்டு எண்ணத் தெரியாதா?” என்பார் ஒருவர். “சிப் என்று ஒன்று இருந்தால் அதில் விளையாட முடியும்” என்பார் மற்றவர். “பாங்க் ஏ.டி.எம்.மை நம்புகிறீர்கள், இதை நம்ப மாட்டீர்களா?” என்று முதலாமவர் திரும்பி வருவார்.

கடைசிக் கேள்வி கெட்டிக்காரத்தனமானது. பதில் அதைவிட முக்கியமானது. பாங்க் இயந்திரத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும். பணம் குறைந்தால் பாஸ் புத்தகம் காட்டிக் கொடுத்துவிடும். நீங்கள் மானேஜரிடம் போய் சண்டை போடலாம். வாக்குப்பதிவு இயந்திரத்துக்கோ நீங்கள் யார் என்று தெரியவே கூடாது. யாருக்குப் போட்டீர்கள் என்று அது ரசீதும் தரக் கூடாது. தந்தால், வெளியே ரூபாய் நோட்டோடு நிற்பவர் முதல் வேலையாக அந்த ரசீதைத்தான் கேட்பார். கணக்கில் பிழை இருக்கக் கூடாது, ஆனால் யாருடைய கணக்கு என்ற அடையாளமும் இருக்கக் கூடாது. இது பாங்க்குக்கு இல்லாத தொல்லை. உலகெங்கும் கம்ப்யூட்டர் நிபுணர்கள் தேர்தல் இயந்திரத்தைக் கண்டு தயங்குவதற்கு இதுவே காரணம்.

சண்டையும் இயந்திரத்தோடு கூடவே பிறந்ததுதான். கேரளத்தில் 1982 மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் பரவூர் தொகுதியின் 84 வாக்குச் சாவடிகளில் 50ல் முதல் தடவையாக இயந்திரம் வைத்தார்கள். இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை தேர்தலுக்கு முன்பே இயந்திரம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனார், மனு தள்ளுபடியானது. தேர்தல் நடந்தது. 123 வாக்கு வித்தியாசத்தில் சிவன் பிள்ளையே ஜெயித்தார்! உடனே, தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் இயந்திரத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். 1984ல் சுப்ரீம் கோர்ட் ஜோஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இயந்திரத்தில் குற்றமில்லை, இயந்திரத்தால் வாக்களிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் காரணம். அந்த 50 சாவடிகளில் மறுபடி வாக்குச் சீட்டில் தேர்தல் நடந்தது. இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார்.

பின்னால் வந்த நாற்பது வருஷ அரசியலின் ஒத்திகை அந்த ஒரு தொகுதியில் முடிந்துவிட்டது. சட்டம் திருத்தப்பட்டது. 1998ல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் சில தொகுதிகள்; 2001ல் தமிழ்நாடு முழுவதும்; 2004 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் இயந்திரம். 2009ல் தோற்றதும் பா.ஜ.க. தரப்பிலிருந்து சந்தேகம் கிளம்பியது. ஜனநாயகத்துக்கே ஆபத்து என்ற தலைப்போடு அந்தக் கட்சியைச் சேர்ந்த ஜி.வி.எல். நரசிம்மராவ் 2010ல் ஒரு புத்தகமே எழுதினார். அத்வானி முன்னுரை கொடுத்தார். 2014க்குப் பிறகு காட்சி மாறியது. 2018 மார்ச்சில் காங்கிரஸ் மாநாடு, வாக்குச் சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் டிசம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் அதே இயந்திரங்களால் ஆட்சிக்கு வந்தபோது அந்தத் தீர்மானத்தை யாரும் பெரிதாக ஞாபகப்படுத்தவில்லை. 2024 நவம்பரில் இன்னொரு மனு வந்தபோது சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளே இதைச் சுட்டிக்காட்டினார்கள்: ஜெயித்தால் இயந்திரம் சரி, தோற்றால் மோசடி.

நம் பழைய தர்க்க சாஸ்திரம் இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறது. உண்மையைக் கண்டுபிடிப்பதற்காகப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் எதிராளியை உடைப்பதற்காக மட்டும் பேசுவது விதண்டை. நியாய சூத்திரக்காரர்கள் இன்டர்நெட்டைப் பார்த்திருந்தால் நாலாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்களோ என்னவோ. ஆனால் முடிவு வந்த பிறகு இயந்திரத்தைச் சந்தேகிப்பது, அடுத்த முடிவு சாதகமாக வந்ததும் மௌனமாவது என்ற பழக்கம் மூன்றாவது வகையில் அழகாகப் பொருந்துகிறது.

அதற்காக, சந்தேகப்பட்டவர்கள் எல்லோருமே விதண்டாவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2006ல் நெதர்லாந்தில் ஒரு சின்னக் குழு அந்த நாட்டு வாக்கு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டது. ஓட்டை எண்ணத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது என்று சொல்லப்பட்ட அந்த இயந்திரத்தைக் குழு செஸ் ஆடவே வைத்துவிட்டது! 2008ல் நெதர்லாந்து காகிதத்துக்குத் திரும்பியது. அந்தக் குழுவில் இருந்த ராப் கோங்க்ரைப், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், ஹைதராபாத் என்ஜினியர் ஹரி பிரசாத் ஆகியோர் சேர்ந்து 2010ல் இந்திய இயந்திரம் ஒன்றையும் சோதித்தார்கள். எண்ணிக்கை காட்டும் பலகையை மாற்றிவிட்டால் பொய்யான முடிவைக் காட்ட வைக்கலாம். பதிவான வாக்குகளையும் மாற்றலாம் என்று செய்து காட்டினார்கள். இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு அந்த ஆகஸ்டில் ஹரி பிரசாத்தைப் போலீஸ் கைது செய்தது. கேள்வி கேட்டவரிடம் பதில் சொல்லாமல் விலாசம் கேட்பதும் ஒரு வகை விதண்டைதான்.

தேர்தல் கமிஷன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நமது இயந்திரம் எந்த நெட்வொர்க்கிலும் இணைக்கப்படாதது. தூரத்திலிருந்து ஒரு பட்டனைத் தட்டி லட்சக்கணக்கான இயந்திரங்களை மாற்றிவிட முடியாது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பிரிக்க வேண்டும். எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்பது குலுக்கலில் தீர்மானிக்கப்படுகிறது. கட்சி ஏஜென்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது. 2017 ஜூனில் கட்சிகளைக் கூப்பிட்டு, கை வைத்துப் பாருங்கள் என்று கமிஷன் சவால் விட்டபோது தேசியவாத காங்கிரஸும் மார்க்சிஸ்ட் கட்சியும் மட்டும்தான் வந்தன. அவையும் இயந்திரத்தை உடைக்க முயலவில்லை.

காகிதச் சீட்டுக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சாவடியைக் கைப்பற்றி, கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டியில் திணித்த காலம் அது. சாவடிக் கைப்பற்றலைத் தனிக் குற்றமாக வரையறுத்துச் சட்டத்தில் எழுத வேண்டிய நிலை 1989ல் வந்தது. இயந்திரம் வந்த பிறகு அந்த ரவுடியின் வேகம் குறைந்தது. ஒரு நிமிஷத்தில் சில வாக்குகளுக்கு மேல் அது பதியாது. அதிகாரி ‘குளோஸ்’ பட்டனை அழுத்திவிட்டால் அதுவும் இல்லை.

இவ்வளவையும் பேசிய பிறகும் அந்நியர்கள் சமாதானம் ஆகாததற்குக் காரணம், இரு தரப்பும் இயந்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது. இங்கேதான் விஞ்ஞானக் கதைக்காரர்கள் உதவிக்கு வருகிறார்கள், ஆர்வெலைவிட மற்றவர்கள்.

1952 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் இரவில் யுனிவாக் என்ற கம்ப்யூட்டர், எண்ணிக்கையின் ஆரம்பக் கட்டத்திலேயே ஐசன்ஹோவர் பெரிய அளவில் ஜெயிப்பார் என்று கணித்தது. டெலிவிஷன்காரர்களே அதை நம்பத் தயங்கினார்கள். அது சொன்னதுதான் நடந்தது. மூன்று வருஷம் கழித்து ஐசக் அசிமோவ் ஒரு சிறுகதை எழுதினார். ‘ஃப்ரான்சைஸ்’ என்று பெயர். வாக்குரிமை என்று பொருள். கதை நடப்பது 2008ல். மல்டிவாக் என்ற மகா கம்ப்யூட்டருக்கு எல்லா விவரமும் தெரியும். அதனால் தேசம் முழுவதும் ஓட்டுப் போட வேண்டியதில்லை. அது ஒரே ஒரு மனிதரைத் தேர்ந்தெடுக்கிறது: இண்டியானா மாநிலத்தில் கடையில் வேலை பார்க்கும் நார்மன் முல்லர். அவரிடம் சில கேள்விகள் கேட்கிறது. அவர் யாருக்கும் வாக்களிப்பதில்லை. ஆனால் அந்தப் பதில்களை வைத்துத் தேர்தல் முடிவு முழுவதும் கணக்கிடப்பட்டுவிடுகிறது. கடைசியில் முல்லர், தன் மூலமாக அமெரிக்க மக்கள் தங்கள் வாக்குரிமையைச் செலுத்திவிட்டார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

இந்தக் கதையில் மோசடி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மல்டிவாக்கை யாரும் ஹேக் செய்யவில்லை. அது பிழையே செய்யாத இயந்திரம். அதுதான் கதையின் பயங்கரம். சரியான விடை கிடைத்துவிட்டது. தேர்தல் காணாமல் போய்விட்டது.

நம் ஊர்க் கதையும் உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வை இன்றும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இருபத்தோராம் நூற்றாண்டு இந்தியா; ஜீவா என்ற சர்வாதிகாரி; அவனை எதிர்க்கும் நிலா; கூடவே ஜீனோ என்ற இயந்திர நாய். மனிதர்களின் பெயர் முதல் ஆயுள் வரை அரசாங்கம் தீர்மானிக்கும் தேசத்தை விளையாட்டுப்போல எழுதிப் பயமுறுத்திய கதை அது. எழுதிய சுஜாதா, பகலில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினியர். இந்திய வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. இயந்திரத்தை நம்பிச் செய்த அதே கைதான், இயந்திரத்தால் ஆளப்படும் தேசத்தை எழுதி எச்சரித்தது. இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவருடைய வாசகர்கள் நினைக்கவில்லை. இன்டர்நெட்டில் மட்டும், ஒருவர் இயந்திரத்தை நம்ப வேண்டும் அல்லது பயப்பட வேண்டும். இரண்டையும் செய்ய அனுமதி இல்லை.

ஒரு தேர்தல் எதற்காக நடக்கிறது? ஜெயித்தவரைக் கண்டுபிடிக்க என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வேலையை நல்ல கருத்துக்கணிப்பே செய்துவிடும். மல்டிவாக் இன்னும் நன்றாகச் செய்யும். தேர்தல் நடப்பது, தோற்றவரைச் சம்மதிக்க வைக்க. ஒருவரையொருவர் பார்த்தே இராத கோடிக்கணக்கான அந்நியர்கள் ஐந்து வருஷமாகப் போடும் சண்டையை ஒரு நாளில் நிறுத்தி, தோற்றவரை ‘சரி, அடுத்த தடவை பார்க்கலாம்’ என்று சொல்லி வீட்டுக்குப் போக வைக்கும் ஏற்பாடு அது. இன்டர்நெட்டில் இல்லாத அந்த இறங்கும் ஸ்டேஷன் இங்கே இருக்கிறது. ஆகவே, இயந்திரம் சரியாக எண்ணினால் மட்டும் போதாது. சரியாகத்தான் எண்ணியது என்பது தோற்றவருக்கும் தெரிய வேண்டும். ஜெயித்தவருடைய சர்டிபிகேட் இந்த விஷயத்தில் செல்லாது.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3ஆம் தேதி சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான். 2005 தேர்தலில் இயந்திரம் பயன்பட்டதை எதிர்த்து ஓர் அரசியல் விஞ்ஞானியும் அவருடைய மகனும் வழக்குத் தொடர்ந்திருந்தார்கள். இயந்திரம் மோசடி செய்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தேர்தல் முடிவையும் ரத்து செய்யவில்லை. ஓட்டுப் போடுவதும் எண்ணுவதும் சரியாக நடந்ததா என்பதை, விசேஷத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும். அந்த வசதி இல்லாத இயந்திரம் சாசனத்துக்குப் பொருந்தாது என்றது. நிபுணர் சொல்கிறார், நம்பு என்பது விஞ்ஞானத்தில் சில சமயம் போதும். ஜனநாயகத்தில் போதாது.

இந்தியாவின் வழி வேறு. மோசமான வழி என்று சொல்ல முடியாது. 2013 அக்டோபரில் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், நேர்மையான தேர்தலுக்குக் காகிதச் சாட்சி இன்றியமையாதது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அப்படி வந்ததுதான் விவிபாட். நீங்கள் அழுத்திய சின்னம் ஒரு சீட்டில் அச்சாகி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து, பெட்டியில் விழும். ரசீது உண்டு; ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பாங்க்குக்கும் ஓட்டுக்கும் இடையே இருந்த அந்தப் பழைய முடிச்சு ஓரளவு அவிழ்ந்தது. 2019ல் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று மறுத்தது. வாக்குச் சீட்டுக்குத் திரும்பவும் மறுத்தது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடம் பிடித்தவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், ஐந்து சதவிகித இயந்திரங்களின் சிப்பைத் தயாரித்த என்ஜினியர்களைக் கொண்டே சோதித்துக்கொள்ளலாம் என்றது.

இரண்டாவது இடம் பிடித்தவர் என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. தோற்றவருக்கு ஓர் உரிமை முதல் தடவையாகக் கிடைத்திருக்கிறது. அதைத் தாராளமாக்குவதுதான் அடுத்த வேலை. சோதிப்பவர் தயாரித்தவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எண்ணும் சீட்டுகளின் அளவும், வெற்றி வித்தியாசம் குறையக் குறைய அதிகமாகலாம். ஐம்பதாயிரம் ஓட்டில் தோற்றவருக்கும் ஐம்பது ஓட்டில் தோற்றவருக்கும் ஒரே அளவு கோல் வைப்பதில் கணக்கும் இல்லை, நியாயமும் இல்லை.

ஹரியானா மாநிலம் பானிபட் மாவட்டத்தில் புவானா லாகூ என்று ஒரு கிராமம். 2022 நவம்பரில் அங்கே பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் நடந்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் விடவில்லை. வழக்கு மேலே மேலே போய், கடைசியில் அந்தக் கிராமத்து இயந்திரங்கள் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டு, சுப்ரீம் கோர்ட் வளாகத்திலேயே இரு தரப்பு முன்னிலையில் வாக்குகள் மறுபடி எண்ணப்பட்டன. தோற்றவர் ஜெயித்திருந்தார். 2025 ஆகஸ்டில் அவரைத் தலைவராக அறிவிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இயந்திரத்தில் தப்பில்லை, எண்ணிக்கையைக் கையாண்டதில் மனிதர்கள் செய்த குழப்பம்.

இயந்திரத்தைத் திட்டுபவரும் இதை உதாரணம் காட்டலாம், புகழ்பவரும் காட்டலாம். இருவருமே பாதிதான் சொல்வார்கள். எண்ணிக்கை மறுபடி பார்க்கக்கூடியதாக இருந்தது; கேட்பதற்கு ஒரு மனிதர் இருந்தார்; கேட்டபோது கதவு திறந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கிராமத்துக்குத் தவறான தலைவர் நிலைத்திருப்பார். அப்படித் திறப்பதற்கு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆனது என்பதுதான் வெட்கம்.

அடுத்த தேர்தல் முடிவு நாளில் பெயர் தெரியாத யாராவது உங்களிடம் இந்தச் சண்டையை ஆரம்பிப்பார். சந்திர விண்கலம், சிப், ஆர்வெல் என்று வரிசையாக வருவார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: “உங்கள் கட்சி தோற்றால், எதைக் காட்டினால் தோல்வியை ஒப்புக்கொள்வீர்கள்?” பதில் வைத்திருந்தால் அவர் வாதம் செய்ய வந்தவர், உட்கார வைத்துப் பேசலாம், அவர் கேட்கும் சோதனைக்காக அவரோடு சேர்ந்து மனுவும் போடலாம். பதில் இல்லை என்றால் விட்டுவிடலாம். இதே கேள்வியை முடிவு வருவதற்கு முதல் நாள் கேட்பது இன்னும் உத்தமம். அன்றைக்குத்தான் இருவரும் தோற்கக் கூடியவர்கள்.